வெற்றுப் புள்ளி

தட்டு உள்ளே போய்க் கதவு மூடிக்கொண்டது. இனி உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் பம்பு உறிஞ்சித் தீர்க்கும்வரை இந்தக் கிழட்டுக் கருவி யாருக்கும் எந்தப் பதிலும் சொல்லாது. "நாப்பது நிமிஷமாவது ஆகும் மேம், ரப்பர் வளையம் பழசு, எங்கியோ லேசா கசியுது" என்றாள் ஜமீலா. லேசர் அறை அவள் பொறுப்பு. கருவியின் கோளாறுகளை மாமியாரின் கோளாறுகளைச் சொல்வதுபோல் சலிப்பும் உரிமையுமாகச் சொல்வாள். "நீங்க போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க, அழுத்தம் காட்டற எண் எறங்குனதும் கூப்பிடறேன்." சாப்பிட்டாயிற்று என்றாள் பொற்கொடி. சாப்பிடவில்லை. எலுமிச்சைச் சாதம் மேசை இழுப்பறைக்குள் டப்பாவோடு அப்படியே இருக்கிறது. ஜமீலா வெளியே போனதும் முக்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு எதிரே உட்கார்ந்தாள். மணி இரண்டு இருபது. நான்கு மணிக்குக் கூட்டம். மருத்துவமனைக்காரர்கள் கேட்டிருப்பது நேரான கேள்விதான்: நோயாளிகளின் டோபமைனை அளக்க மூன்று வழிகளில் எந்த வழி நல்ல வழி? மூளையில் ஒரு நரம்பு இன்னொரு நரம்புக்குச் சேதி அனுப்பும் பொருள் டோபமைன். அதைத் தராசில் வைத்து நிறுக்க முடியாது. அதன் தலையில் ஒரு மின்னேற்றத்தை ஏற்றிவிட்டால் போதும், கருவி அதைப் பிடித்திழுத்து ஓடவிட்டு எடை சொல்லிவிடும். ஏற்றுவதில்தான் வித்தை. ஒன்று, ஊசியில் உயர் மின்னழுத்தம் கொடுத்துத் திரவத்தைச் சாரலாகத் தெளிப்பது. இன்னொன்று, சூடாக்கி ஆவியாக்கி மின்பொறிக்குள் விடுவது. மூன்றாவது இந்த லேசர். மாதிரியை ஒரு வெள்ளைப் பொடியோடு கரைத்து எஃகுத் தட்டில் புள்ளியாக வைத்து, காய்ந்ததும் சுடுவது. பொடி லேசரை வாங்கிக்கொண்டு மாதிரியையும் தூக்கிக்கொண்டு பறக்கும். மூன்றையும் ஒப்பிட்டு நாலு பக்க அறிக்கை. அவ்வளவுதான். மூன்று நாளில் முடிந்திருக்க வேண்டிய வேலை.

ஆட்டு மூளை வாங்கப் போனபோது கறிக்கடைக்காரர், "மிளகு போட்டு வறுக்கப் போறீங்களா, முட்டை ஊத்தியா?" என்று கேட்டார். இதோ நேற்றுக் கேட்டதுபோல் இருக்கிறது, போன திங்கட்கிழமை. அவள் சிரித்துக்கொண்டே முட்டை ஊத்தித்தான் என்றாள். அந்த ஒரே மூளையைத்தான் மூன்றாகப் பிரித்துக் கரைத்தாள். சாரல் கொஞ்சம் டோபமைன் காட்டியது, உப்பு இருந்தால் இன்னும் கொஞ்சமாகக் காட்டியது; உப்பைக் கண்டால் சாரல் சுணங்கும், அது தெரிந்த குணம். சூட்டு வழி பாதியை உடைத்துப் போட்டுவிட்டு மீதியைக் காட்டியது, அதுவும் தெரிந்த குணம். லேசர் மட்டும் பத்து மடங்கு காட்டியது. ஒரே ஆடு, ஒரே மூளை, பத்து மடங்கு. ஜமீலா கைதட்டாத குறை. "நம்ம கிழவிதான் மேம் ஜெயிச்சா" என்றாள். பொற்கொடி எண்களை மறுபடி மேலிருந்து படித்தாள். பத்து மடங்கு டோபமைன் எங்கிருந்து வரும்? ஆடு செத்துப் பல மணி நேரம் ஆன மூளை அது, இருந்ததே கரைந்துபோயிருக்கும். அன்று வீட்டுக்குப் போய் அலமாரியின் மேல்தட்டில் இருந்து முனைவர் பட்டக் காலத்துப் பதிவேடுகளை இறக்கினாள். எதற்காக என்று தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. தூசியில் தும்மிக்கொண்டே புரட்டினாள். இருந்தது. மூன்று இடத்தில் இருந்தது, அவள் கையெழுத்தில், அன்றைய உருண்டை எழுத்தில்: வெற்றுப் புள்ளி, 154-ல் உச்சி. தட்டு சரியாகக் கழுவப்படவில்லை. அதற்குப் பக்கத்தில் சின்னதாக, கழுவியது: லூ. அந்தப் பதிவேடு இப்போது மடியில் இருக்கிறது. அட்டை பிசுபிசுக்கிறது. அதைத் திறக்காமல் விளிம்பை விரலால் நெருடிக்கொண்டே இருந்தாள்.

லூ என்றால் லூர்து அக்கா. பரிசோதனைச் சாலையில் ஒப்பந்தத்தில் இருந்த உதவியாளர். கண்ணாடிக் குடுவைகளும் எஃகுத் தட்டுகளும் அவள் கையால்தான் கழுவப்படும். மெத்தனாலில் ஒரு தரம், வடித்த தண்ணீரில் ஒரு தரம், அதிரும் தொட்டியில் பத்து நிமிடம், மறுபடி மெத்தனால். யாரும் சொல்லித்தராத இன்னொன்றையும் அவளாகவே செய்வாள். காய்ந்த தட்டை ஜன்னல் பக்கம் எடுத்துப்போய், முகக்கவசத்தை இறக்கிவிட்டு, அதன்மேல் 'ஹா' என்று ஊதுவாள். எஃகில் மூச்சு படிந்து வெளுக்கும். அந்த வெளுப்பு எல்லா இடத்திலும் ஒன்றுபோல் மறைந்தால் தட்டு சுத்தம். எங்காவது திட்டாக நின்றால் அங்கே ஏதோ ஒட்டியிருக்கிறது. திட்டு நின்றால் முதலிலிருந்து கழுவுவாள். அந்த ஊதலைப் பார்த்து மற்ற ஆய்வாளர்கள் கேலி செய்வார்கள், அக்கா தட்டுக்கு மந்திரிக்கிறாங்க என்பார்கள். பொற்கொடியும் சிரித்திருக்கிறாள். சிரித்தாளே தவிர அந்த ஊதலை நம்பித்தான் ஒன்றரை வருடம் ஓட்டினாள். பிறகு வந்தது அந்த மூன்று நாள். வெற்றுப் புள்ளி என்றால் மாதிரி எதுவும் இல்லாமல் பொடியை மட்டும் வைத்துச் சுடுவது; அங்கே டோபமைனுக்குரிய இடத்தில் கோடு உச்சியாக எழக் கூடாது. டோபமைனின் எடை 153, ஒரு புரோட்டான் ஏறினால் 154. ஆய்வுக்கு எடுத்த எலி மூளையில் 154 வந்தது, கொண்டாட்டம். வெற்றுப் புள்ளியிலும் 154 வந்தது. ஒரு நாள் இல்லை, மூன்று நாள். அவளுடைய ஆய்வு வழிகாட்டி சபாபதி சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையைப் பார்த்தார். "பொடியோட எடையே 154. புரோட்டான் ஏறினா 155-ல வரணும், அதோ வந்திருக்கு. அப்ப இந்த 154 என்னது?" அவர் கேட்டார். கேட்கத்தான் செய்தார். பதில் சொன்னது அவள். அதை இத்தனை வருடமாக அவர் சொன்னதாகவே நினைவு வைத்திருந்தாள், போன திங்கட்கிழமை வரை. "முந்தின எலி மூளை தட்டுல ஒட்டிக்கிட்டிருக்கு சார். சரியா கழுவலை." எத்தனை சுலபமாக வந்தது. சார் தலையைத் திருப்பாமலே, "யாரு கழுவுறது?" என்றார். சொன்னாள்.

பம்பு ஒரே சுதியில் முனகுகிறது. எண் மெல்ல இறங்குகிறது, நிற்கிறது, ஏதோ நினைத்துக்கொண்டதுபோல் மறுபடி இறங்குகிறது. குளிர்சாதனக் காற்று நேராகக் கழுத்தில் அடிக்கிறது. உள்ளங்கை வியர்க்கிறது, கழுத்து விறைக்கிறது, ஒரே உடம்பில் இரண்டு பருவம். இந்த நிமிடம் இந்த மண்டைக்குள்ளும் டோபமைன் இருக்கிறது, ஏறி இறங்கிக்கொண்டு, எடை 153, புரோட்டான் ஏறினால் 154. அதை அளப்பதற்குத்தான் எட்டு வருடமாகச் சம்பளம் வாங்குகிறாள். பயத்துக்கு எடை என்ன என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது. பயம்தான் இது. வேறு பெயர் வேண்டாம். உள்ளே போயிருப்பது புதுத் தட்டு. எட்டு வருடம் முன் வாங்கி, உறை பிரிக்காமல் அலமாரியில் கிடந்தது. இன்று காலை அவளே பிரித்தாள், அவளே பொடியைக் கரைத்து ஒரே ஒரு புள்ளி வைத்தாள். அந்தத் தட்டை எலி மூளையும் தொட்டதில்லை, ஆட்டு மூளையும் தொட்டதில்லை. எவர் கையும் கழுவியதில்லை. அதில் 154 இல்லையென்றால் அன்று தட்டு அழுக்காகத்தான் இருந்தது, அவள் எழுதியது சரி, ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் சரி, எலி மூளையில் அவள் கண்டது டோபமைன்தான், நிம்மதியாகச் சாதத்தைச் சாப்பிடலாம். அதில் 154 இருந்தால்? இருந்தால் அந்த உச்சி பொடியினுடையது. லூர்து அக்கா கழுவிய தட்டு சுத்தமாக இருந்தது. நான்காம் அத்தியாயம் பொய். இரண்டும் ஒரே உச்சியில் தொங்குகின்றன. அக்காவுக்கு நல்லது நடக்க வேண்டுமானால் இவளுக்குக் கெட்டது நடந்தாக வேண்டும். உச்சி இருக்கக் கூடாது, இருக்கக் கூடாது என்று உதடு தானாக முணுமுணுத்தது. என்ன கேட்கிறோம் என்று உறைத்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். நல்லவேளை, அறையில் யாரும் இல்லை.

அன்றைக்கும் இதே முக்காலிதான். இல்லை, இது வேறு, அதற்குக் கால் ஆடும். லூர்து அக்காவை அலுவலகத்தில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள், ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது, நீட்டிக்கவில்லை என்று. அவள் அழவில்லை, சத்தம் போடவில்லை. நேராக இந்த அறைக்கு வந்தாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே, "பொற்கொடிம்மா, எதும்மா ஒட்டிக்கினு இருந்துச்சு? காட்டு, நான் பாக்கறேன்" என்றாள். சண்டைக்கு வந்த குரல் இல்லை அது. உண்மையாகவே பார்க்கத்தான் வந்திருந்தாள். பொற்கொடி திரையில் அந்த உச்சியைக் காட்டினாள். வெறும் கோட்டில் ஓர் ஊசிபோல் நின்றது. "இதுவா?" "இதான்க்கா." லூர்து அக்கா குனிந்து வெகுநேரம் பார்த்தாள். "ஊதிப் பாத்தனேம்மா. ஒண்ணும் தெரியலியே." அதற்குத்தான் பொற்கொடி அந்தப் பதிலைச் சொன்னாள். இரக்கத்தோடுதான் சொன்னாள், பக்கத்தில் நின்று தோளில் கைவைத்துச் சொன்னாள். "கண்ணுக்குத் தெரியாதுக்கா. ஆனா இருக்கு." லூர்து அக்கா தலையை ஆட்டினாள். படித்த பெண் சொல்கிறாள், கருவி காட்டுகிறது, தன் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் குறை தன் கண்ணில்தானே. நம்பிவிட்டாள். அதுதான் இப்போது முள்ளாகக் குத்துகிறது. திட்டியிருந்தால் தேவலை. நாசமாப் போ என்று மண்ணை வாரித் தூற்றியிருந்தால் அன்றே கொஞ்சம் யோசித்திருப்பாளோ என்னவோ. கண்ணுக்குத் தெரியாதுக்கா, ஆனா இருக்கு. அந்த வாக்கியத்தை எத்தனை தரம் ஓட்டிப் பார்த்தாலும் அதில் பொய் இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அங்கே இருந்தது, அது எது என்பதைத்தான் அவள் பார்க்கவில்லை. லூர்து அக்கா போனபின் தட்டு கழுவ வந்தவள் ஊதிப் பார்க்கவெல்லாம் இல்லை. ஆனால் வெற்றுப் புள்ளி சுத்தமாக வந்தது. பார்த்தீர்களா சார் என்றாள் பொற்கொடி. அந்த வாரம் முழுக்கத் துள்ளிக்கொண்டு திரிந்தாள்.

ஏன் சுத்தமாக வந்தது? இந்தக் கேள்விதான் ஐந்து நாளாகத் திரும்பத் திரும்ப வருகிறது. பொடியின் உச்சி என்றால் எல்லா நாளும் வர வேண்டும். சில நாள் வருகிறது, சில நாள் இல்லை என்றால் அது கை வேலையாகத்தான் இருக்கும், அழுக்காகத்தான் இருக்கும். இந்த இடத்தில் அவளுக்கு ஒரு பிடி கிடைத்தது, பிடித்துக்கொண்டாள், மூச்சுக்கூட கொஞ்சம் சீராகியது. பதிவேட்டைத் திறந்தாள். வெற்றுப் புள்ளி இருக்கும் பக்கங்களையெல்லாம் வரிசையாகப் புரட்டினாள், சுத்தமான நாள்கள் பதினொன்று, அழுக்கான நாள்கள் மூன்று. தேதி, பொடி, கழுவியது, உச்சி. கண் எப்போதும் அந்தக் கடைசிக் கட்டத்துக்கே ஓடும். இன்று ஓடாமல் நடுவில் தடுக்கியது. லேசர் சக்தி என்று ஒரு கட்டம். ஒவ்வொரு நாளும் கடமைக்கு நிரப்பியது. சுத்தமான நாள்: நாற்பது. சுத்தமான நாள்: நாற்பது. நாற்பது. நாற்பது. அழுக்கான நாள்: அறுபத்தைந்து. பக்கத்தைப் புரட்டினாள். அறுபத்தைந்து. மூன்றாவது, அதுவும் அறுபத்தைந்து. எலி மூளையில் டோபமைன் மங்கலாகத் தெரிகிறது என்று அந்த மூன்று நாளும் லேசரைக் கூட்டியிருந்தாள். மூளைக்குக் கூட்டியதை வெற்றுப் புள்ளிக்கும் குறைக்காமலே சுட்டாள். அக்கா போனபின் மூளைக்கு அறுபத்தைந்தும் வெற்றுக்கு நாற்பதுமாகச் சுட்டாள், ஏன் என்று யோசிக்காமல், காலையில் வந்ததும் வெற்றை முதலில் சுட்டு முடித்துவிடும் புதுப் பழக்கத்தில். ஆட்டு மூளைக்கும் அறுபத்தைந்துதான் வைத்திருந்தாள். மெதுவாகச் சுட்டால் பொடி ஒரு புரோட்டானை ஏற்றிக்கொண்டு 155-ல் போய் நிற்கும். ஓங்கி அடித்தால்? அடி தாங்காமல் ஓர் எலக்ட்ரானை உதிர்த்துவிட்டு எதையும் ஏற்றிக்கொள்ளாமலே ஓடும். அப்போது அதன் எடை அதன் சொந்த எடைதான். 154. டோபமைன் நிற்கும் அதே இடம். தசமத்தில் சின்ன வித்தியாசம் உண்டு, இந்தக் கிழவியின் கண்ணுக்கு அதெல்லாம் பிடிபடாது. ஆனால் 137? 137-ஐ வைத்துத்தானே உறுதி செய்தோம். டோபமைன் உடைந்தால் அமோனியா உதிர்ந்து 137 வரும், எலி மூளையில் 137-ம் இருந்தது, சாட்சி அது. மனம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது, விரல் மட்டும் காகிதத்தின் ஓரத்தில் கணக்குப் போட்டது. பொடியின் 155-லிருந்து தண்ணீர் உதிர்ந்தால், பதினெட்டு போனால், 137. சாட்சியும் பொடியின் வீட்டு ஆள்தான். பேனாவை மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை, மறுபடி மூடினாள்.

இதைச் சுட வேண்டும் என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. அறிக்கையில் புதுத் தட்டுக்கு இடமே இல்லை. "இது எதுக்கு மேம், அவங்க கேக்கலியே" என்று ஜமீலாவே காலையில் கேட்டாள். இப்போது எழுந்து போய்ப் பம்பை நிறுத்தித் தட்டை வெளியே எடுத்துவிடலாம். லேசர் வழி நம்பகமில்லை, சாரல் வழியே சிறந்தது, உப்பை மட்டும் முதலில் நீக்கிவிடுங்கள் என்று நாலு பக்கம் எழுதினால் அதில் ஒரு வரி பொய் இருக்காது. நோயாளிகளுக்கு நல்லது. மருத்துவமனைக்கு நல்லது. ஏன் நம்பகமில்லை என்று யாராவது தோண்டினால், பழைய கருவி என்றால் போதும், எல்லோரும் தலையை ஆட்டுவார்கள். நான்காம் அத்தியாயத்தை இப்போது யார் படிக்கிறார்கள்? அதைப் படித்துத்தான் இந்த வேலையைக் கொடுத்தார்கள், சரி. கொடுத்தவர்கள் ஓய்வு பெற்றாயிற்று. அதற்குப்பின் செய்த வேலையெல்லாம் சாரலில், எல்லாம் சுத்தமான வேலை. ஒரே ஓர் அத்தியாயம். லூர்து அக்கா எங்கேயோ நன்றாகத்தான் இருப்பாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மெழுகுவத்தியும் குடிலுமாக ஒரு படம் அனுப்புகிறாள், இவளும் கைகூப்பிய பொம்மை ஒன்றைத் திருப்பி அனுப்புகிறாள், ஒன்பது வருடமாக. கோபம் இருந்தால் அனுப்புவாளா? இந்த நினைப்பு எத்தனை இதமாக வந்து உட்காருகிறது. அன்றைக்கு 'சரியா கழுவலை' என்பதும் இப்படித்தான் வந்து உட்கார்ந்தது, நாக்கில் கூசாமல். அதை அடையாளம் கண்டுகொண்டபோது பொற்கொடிக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. சுவரில் ஓடும் கடிகாரத்தைப் பார்த்தாள், மூன்று ஐந்து. எழுந்திருக்கவில்லை.

"எண் எறங்கிடுச்சு மேம்" என்று சொல்லிக்கொண்டே ஜமீலா உள்ளே வந்து கருவியின் முன் அமர்ந்தாள். புள்ளி திரையில் பெரிதாகத் தெரிந்தது, விளிம்பில் ஊசி ஊசியாகப் படிகங்கள். "வெற்றுக்கு வழக்கம்போல நாப்பதுதானே?" ம் என்றாள் பொற்கொடி. ஜமீலா சுட்டாள். கோடு ஓடியது. 155-ல் பொடியின் உச்சி எழுந்தது. 154-ல் தரையோடு தரையாகக் கோடு. ஒன்றும் இல்லை. "சுத்தமோ சுத்தம்" என்று ஜமீலா கையைத் தூக்கிச் சோம்பல் முறித்தாள். "எடுத்துடவா மேம்? மணி ஆகுது." பொற்கொடியின் உடம்பு முழுக்க ஒரு நிம்மதி இறங்கியது, முதுகு தளர்ந்தது, பசித்தது, இழுப்பறையில் இருக்கும் சாதத்தின் மணம்கூட வந்தது. புதுத் தட்டு, வெற்றுப் புள்ளி, சுத்தம். இதை அப்படியே பதிவேட்டில் எழுதலாம், கையெழுத்தும் போடலாம். எடுத்துவிடு என்று சொல்ல வாயைத் திறந்தாள். ஜன்னல் பக்கம் தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும் முதுகு ஒன்று கண்முன் வந்தது. சுத்தமாகத் தெரிந்த பிறகும் இன்னொரு தரம் ஊதிப் பார்க்கிற முதுகு. "அறுபத்தஞ்சுக்கு ஏத்து ஜமீலா." "அவ்ளோ எதுக்கு மேம்?" "ஏத்து." ஜமீலா தோளைக் குலுக்கிவிட்டு ஏற்றினாள், சுட்டாள். கோடு ஓடி வந்தது. 137-ல் ஒன்று எழுந்தது. 154-ல் ஒன்று எழுந்தது, ஊசிபோல், அன்று நின்ற அதே உயரத்தில், அதே மெலிவில். யாரும் கழுவாத, யாரும் கழுவத் தேவையே இல்லாத தட்டில் நின்றது. "அட, டோபமைன்!" என்றாள் ஜமீலா. "புதுத் தட்டுல எப்படி?" பொற்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது டோபமைன் இல்லை என்றாள். எப்போதுமே டோபமைனாக இருந்ததில்லை என்றும் சொன்னாள், அது ஜமீலாவுக்குக் கேட்டதா தெரியவில்லை.

வராந்தாவின் கோடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று எண்ணைத் தேடினாள். லூர்து லேப் என்று இருந்தது. நாலாவது மணியில் எடுத்தாள். பின்னால் பாத்திரச் சத்தம், குழாய் கொட்டும் சத்தம்.

"பொற்கொடிம்மாவா! இன்னாம்மா அதிசயமா இருக்குது, போன்லாம் பண்ற? நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேன்க்கா. நீங்க எங்க இருக்கீங்க இப்ப?"

"இங்கதான், லேடீஸ் ஆஸ்டல்ல. சமையக்கட்டுல. தட்டு கழுவிக்கினு இருக்கேன். மதியச் சாப்பாட்டுத் தட்டு இன்னும் முடியல. எனக்கு எப்பவுமே லேட்டும்மா." சிரித்தாள். "மூணு வாட்டி லூர்துன்னு பேரு வச்சிருக்குதுங்க பொண்ணுங்க. ஒவ்வொரு தட்டையும் மூணு வாட்டி கழுவுவேன். ரெண்டு வாட்டி கழுவிட்டு எடுத்து வச்சா மனசு கேக்காது. கண்ணுக்குத் தெரியாம ஒட்டிக்கினு இருக்கும்னு நீதான சொன்ன."

பொற்கொடி தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஒன்பது வருடம். ஒரு நாளைக்கு எத்தனை தட்டு.

"அக்கா, அன்னைக்குத் தட்டு சுத்தமாத்தான் இருந்துச்சு. மூணு நாளுமே சுத்தமாத்தான் இருந்துச்சு. இப்பதான் பாத்தேன். யாருமே தொடாத தட்டுலயும் அதே கோடு வருது. அது நாங்க போடுற பொடியோட கோடு. நான்தான் தப்பாப் படிச்சேன். நான்தான் உங்க பேரைச் சொன்னேன், சார் இல்ல."

குழாய்ச் சத்தம் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. அழுகிறாளோ என்று பயந்தாள். திட்டப்போகிறாளோ என்று ஆசையாகவும் இருந்தது.

"ஊதிப் பாத்தேன்னு சொன்னேன் இல்ல?" என்றாள் லூர்து அக்கா. குரலில் சிரிப்பு இல்லை.

"சொன்னீங்க."

"அந்த நோட்டுல எழுதி வச்சிருந்தியே. லூன்னு ஒத்த எழுத்து. நான் பாத்தேன்மா அன்னைக்கு, நீ தோள்ல கைய வச்சப்ப மேச மேலதான் தொறந்து கெடந்துச்சு. இதையும் அதுல எழுதுவியா?"

"எழுதறேன்க்கா. நாலு மணிக்கு மீட்டிங்ல அதைத்தான் படிக்கப் போறேன்."

"எழுதுனா முழுப் பேரா எழுது. தெரியுமா உனக்கு?"

தெரியாது. ஒன்றரை வருடம் ஒரே அறையில் இருந்தவளின் முழுப் பெயர் தெரியாது. அதையும் சொன்னாள். லூர்து அக்கா நிறுத்தி நிறுத்திச் சொன்னாள், படிக்காதவர்களுக்குச் சொல்வதுபோல. பொற்கொடி போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, தொட்டி விளிம்பில் பதிவேட்டை விரித்து, மூன்றாவது அறுபத்தைந்துக்குக் கீழே இன்றைய தேதியைப் போட்டு எழுதினாள். எழுதியதைப் படித்தாள்.

"புதிய தட்டு. வெற்றுப் புள்ளி, லேசர் அறுபத்தைந்து. 154-ம் 137-ம் பொடியின் உச்சிகள். டோபமைன் இல்லை. என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் தவறு. மேலே எழுதிய மூன்று நாளும் தட்டு சுத்தமாக இருந்தது. கழுவியவர் சவரிமுத்து மகள் லூர்து அன்னம்மாள்."

"இரும்மா" என்றாள் லூர்து அக்கா. "சத்தத்துல சரியா கேக்கல. கொழாய மூடிட்டு வரேன்."

சத்தம் நின்றது. ஈரக் கையைத் துணியில் துடைக்கும் ஓசை கேட்டது.

"இப்ப படி."

பொற்கொடி முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினாள்.